மாப்பிள்ளை முகர்ந்த மகிழம்பூ

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். பத்தாவதோடு நின்ற படிப்பு ஒரு காரணம். மாப்பிள்ளை மனம் கோணிவிடுமோ என்ற பயம்தான் பெரிய காரணம். இப்போது அவரே, "எழுதுங்க மாமா, ஊர்ல ஆளுக்கொரு கதை சொல்றாங்க" என்றதால் எழுதுகிறேன்.

மகளுக்குத் தலைப்பிரசவம். தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ராத்திரி வலி எடுத்தும் விடிந்தபிறகும் பிள்ளை பிறக்கவில்லை. "குழந்தையோட துடிப்பு கொஞ்சம் குறையுது, பார்ப்போம்" என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குடவாசல் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் ஈஸ்வரனுக்கு மகிழம்பூச் சரம் சாத்துவதாக வேண்டிக்கொண்டேன். கோயில் மகிழமரமோ புயலில் சாய்ந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த தாவரவியல் பூங்காவில் நம் நாட்டுப் பூமரங்களை வளர்க்கிறார்கள் என்பது ஞாபகம் வந்தது. மனைவியைப் பிரசவ அறை வாசலில் உட்காரவைத்துவிட்டு ஓடினேன். மாப்பிள்ளையும் கூடவே வந்தார்.

கொன்றை சரம் சரமாய்த் தொங்கியது. புன்னையும் பூத்திருந்தது. எதிலும் கண் நிற்கவில்லை. மகிழமரத்தடியில் துண்டை விரித்தேன். மற்ற பூ தரையில் விழுந்தால் சாமிக்கு ஆகாது. மகிழம்பூவை உதிர்ந்த பிறகுதான் எடுக்கவே வேண்டும். பரபரவென்று பொறுக்கி ஒரு குவியல் சேர்த்துவிட்டேன். வெளிநாட்டிலிருந்து முதல் நாள்தான் வந்திறங்கிய மாப்பிள்ளை, துண்டோடு அதை அள்ளி முகத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக மூச்சை இழுத்தார்.

"ஆகா, என்ன வாசனை மாமா!"

எனக்குப் பகீரென்றது. முகர்ந்த பூவைச் சாமிக்குப் போடலாமா? அதற்காக மாப்பிள்ளையைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? அந்தப் பூவை ஓரமாய்க் குவித்துவிட்டு மறுபடி குனிந்தேன்.

பூங்காவைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் சிரித்துவிட்டாள். "சாமிக்கு முன்னாடி மாப்பிள்ளைக்குப் படைச்சிட்டீங்களா? மரத்த மட்டும் உலுக்கிடாதீங்கய்யா, என்னயத்தான் திட்டுவாங்க."

அப்போதுதான் மாப்பிள்ளைக்குப் புரிந்தது. முகம் செத்துப்போயிற்று. "என்னால அவளுக்கு ஏதாச்சும் ஆயிடுமா மாமா?"

அதே பயம் என் நெஞ்சிலும் இருந்தது. "ஒண்ணும் ஆகாதுங்க. பொறுக்குங்க" என்றேன்.

அவர் கைக்குட்டையால் மூக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தரையில் மிச்சம் அதிகமில்லை. காற்றும் இல்லை. ஒரு பூ உதிர்ந்தால் இரண்டு பேரும் பாய்ந்தோம். நான் நூலில் கோப்பதும், ஆஸ்பத்திரி ஜன்னலைப் பார்ப்பதும், எழுந்து நடப்பதும், திரும்ப உட்காருவதுமாக இருந்தேன். சரம் ஒரு முழம்கூட வரவில்லை.

போன் அடித்தது. மூக்குக் கட்டோடு அவர் பேசியது என் மனைவிக்கு விளங்கவில்லை போலிருக்கிறது, என்னிடம் கொடுத்துவிட்டார்.

"பொண்ணு பொறந்திருக்குங்க! ரெண்டு உசுரும் நல்லாருக்கு. மாமனும் மருமவனும் எங்க போய்த் தொலைஞ்சீங்க?"

மரத்தடியிலேயே விழுந்து கும்பிட்டேன்.

தீட்டுக் கழிந்ததும், காய்ந்தும் வாசம் போகாத அந்தப் பாதிச் சரத்தைத்தான் ஈஸ்வரனுக்குச் சாத்தினோம். மாப்பிள்ளை முகர்ந்த பூ மகளின் தலைமாட்டில் மணத்துக்கொண்டிருந்தது.

சரம் சாத்திய நொடியில் பிள்ளை பிறந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். மாப்பிள்ளை முகர்ந்ததால்தான் தாமதமாயிற்று என்பவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. நான் பூவைக் கோத்து முடிக்குமுன்பே அந்த ஈஸ்வரன் கொடுத்துவிட்டான். இதை யாரிடமாவது சொன்னால் நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள். என் மேல் உள்ள பிரியத்தில் சரத்தை மட்டும் முழுசாக்கிவிடாதீர்கள்.