படலையில் நின்ற பாண் வண்டி

சிவதர்சினி என் பக்கத்துக் காணிக்காரி. இரணைமடு வாய்க்கால் கரையில் அவர்களுக்கு இரண்டு ஏக்கர் வயல். நல்ல பிள்ளைதான். ஆனால் அந்த நாள்களை நினைத்தால் எனக்கு இன்னும் அவள்மேல் கோபம் வரும், என்மேலும் வரும்.

கோதுமை அவளுடைய குடலுக்கு ஆகாது. வவுனியாவில் டொக்டர் அதைக் கண்டுபிடிப்பதற்குள் முதல் கரு தங்காமல் போய்விட்டது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் வந்ததும் மாமியார் இராசமலர் மாவரிக்கப் புது அரிதட்டும் புட்டவிக்கப் புது நீத்துப்பெட்டியும் வாங்கினார். எங்கள் பக்கம் புட்டுக்கு அரிசிமாவோடு அவித்த கோதுமை மாவையும் கலப்போம். அப்போதுதான் மெதுவாக வரும். இராசமலர் அந்தப் பழக்கத்தை அடியோடு விட்டார். தனி அரிசிமாப் புட்டு, கல்லுப்போல.

அதைக் கண்டாலே சிவதர்சினிக்குக் குமட்டும். சோறு கொதிக்கும் மணத்துக்குச் சத்தி எடுப்பாள். வெறும் வயிறென்றால் அதைவிட மோசம். காலையில் பாட்டுப் போட்டபடி பாண் வண்டி வீட்டு வாசல் படலையில் வந்து நிற்கும். மாமியார் மாட்டுக்கு வைக்கோல் போடும் நேரம் அது. கோதுமை மாவில் சுட்ட ஒரு பணிஸ் வாங்கிக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்று தின்றால் மத்தியானம்வரை குமட்டாது. ஒரு நாள்தானே என்றுதான் தொடங்கினாள். பிறகு தினமும் அந்த ஒரு நாள்தான்.

ஐந்தாம் மாதக் கிளினிக்கில் நிறை ஏறவில்லை. இரத்தமும் குறைவு. பிள்ளையின் வளர்ச்சி போதாது என்றார் மருத்துவமாது.

"என்ன சாப்பிடுறனீர்?"

"புட்டுத்தான் மிஸ்."

"அம்மா, கோதுமை மா கலந்தனீங்களோ?" என்று கூட வந்திருந்த மாமியாரிடம் திரும்பினார்.

முறைக்குக் காத்து வாங்கில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். மகளைக் கூட்டிக்கொண்டு நானும் போயிருந்தேன்.

"பழகின கை மிஸ். கலந்திருப்பன் போல" என்றார் இராசமலர். நல்ல ஏச்சு வாங்கினார். மருமகள் குனிந்தபடி இருந்துவிட்டாள். என்ன மனுசி இவா என்று நானும் மனதுக்குள் திட்டினேன்.

மறுநாள் இராசமலர் படலைக்குப் போய்ப் பாண்காரரிடம், "தம்பி, இனி இஞ்ச நிப்பாட்டாதேங்கோ" என்றார். சிவதர்சினி அதைக் கேட்டுவிட்டாள். ஓடிப்போய், "மாமி, நான்தான் பணிஸ் திண்டனான்" என்று அழுதாள்.

"தெரியும் பிள்ளை. கோழிக்கூட்டடியில பணிஸ் சுத்தின பேப்பரைக் கண்டனான்."

"எப்ப மாமி?"

"கிளினிக்குக்கு முதல் நாள்."

சிவதர்சினிக்கு வெட்கத்தில் உயிர் போனது.

"பசிக்குதோ எண்டு நானும் ஒரு நாள் கேக்கேல்லையே. புட்டை வைச்சதோட சரி" என்று சொன்ன இராசமலர், பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியலை ஒரு போத்தலில் கொண்டுவந்து அவள் தலைமாட்டில் வைத்தார். "கட்டிலால எழும்ப முன்னம் ரெண்டு துண்டைக் கடி. குமட்டாது."

அடுத்த மாதம் நிறை இரண்டு கிலோ ஏறியிருந்தது. மருத்துவமாதுக்குச் சந்தோசம்.

"பாத்தீங்களே அம்மா, மா கலக்காமல் விட்டதும் ஏறீட்டுது."

இராசமலர் ஓமென்று தலையை ஆட்டினார். சிவதர்சினி வயிற்றைப் பிடித்தபடி எழுந்து நின்றாள்.

"மாமி ஒருநாளும் கலக்கேல்லை மிஸ். நான்தான் ஒளிச்சுப் பணிஸ் திண்டனான்."

வாங்கு முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள். இம்முறை குனிந்துகொண்டவள், அதே வாங்கில் இருந்த நான்.