குடைக்குப் பின்னால் நிற்பவர்

குடையை விரித்து ஓரடி இடப்பக்கம் நகர்கிறார் கதிர்காமநாதன். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. சிட்னிக்குத் தெற்கே, கப்டன் குக் முதலில் கரையிறங்கிய கடலோரத்தில், நினைவுத்தூண் முன்னால் பயணிகள் படத்துக்கு நிற்கிறார்கள். தூணுக்குப் பின்னால் எண்ணெய் ஆலையின் புகைபோக்கி. அவர் சரியான இடத்தில் நின்றால் குடை அதை மறைத்துவிடும். உச்சியில் எரியும் தீ மட்டும் குடையின் நுனியில் பற்றிக்கொண்டதுபோல் தெரியும். அதற்கு அவர் ஒன்றும் செய்வதற்கில்லை.

ஒபரா மாளிகை திறந்ததிலிருந்து வெளிநாட்டார் நிறைய வருகிறார்கள். அதைப் பார்த்தாயிற்று, நாளைக்கு என்ன என்று கேட்கிறார்கள். அந்த நாளைதான் சுற்றுலா வழிகாட்டி கதிர்காமநாதன். பஸ்ஸில் மைக்கைப் பிடித்தால், இடப்பக்கம் ஆலைகள் வரும்போதெல்லாம் வலப்பக்கம் பார்க்கச் சொல்வார். வலப்பக்கம் ஒரு வெற்று மைதானம். சில நாள் ஒரு நாய். நாயைப் பற்றியும் நாலு வசனம் வைத்திருக்கிறார்.

உலகெங்கும் வீட்டு ஆல்பங்களில் அவருடைய குடை இருக்கிறது. முகம் ஒன்றிலும் இல்லை.

"காங்கேசன்துறைச் சிமெந்துப் புகைக்குள்ள பன்ரெண்டு வருசம் வேலை செய்த மனிசன், இஞ்ச வந்து ஆரின்ரையோ புகைக்கு வெக்கப்படுறார்" என்பார் மனைவி நாகேஸ்வரி.

"நீர் சிரியும். புகை தெரியுதெண்டு இன்னொரு முறைப்பாடு வந்தா இந்த டூரை நிப்பாட்டுறன் எண்டு பொஸ் சொல்லிப்போட்டான். பிறகு நான் திரும்பவும் போத்தல் பக்டரிதான்."

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து பார்த்தசாரதி, கிரிஜா என்று ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கிரிஜா காமிராவைத் தூக்கினார். தூண் அருகே நின்ற கணவர் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, குடையை மடக்குங்க."

"வெயில் தம்பி."

"எங்க ஊர்ல இல்லாத வெயிலா? பின்னாடி சிம்னி மறையுது. ஜூரோங்ல நானும் இந்த மாதிரி ஆலையிலதான் இருக்கேன்."

"ஆமா, நம்ம வீட்டு ஜன்னலைத் திறந்தாலே இதுதான்!" என்றார் கிரிஜா. "காசு செலவழிச்சு, பிளேன் ஏறி வந்தா இங்கயும் இதா? கம்பெனியில சொல்லிட்டுத்தான் போவேன்."

கதிர்காமநாதன் குடையை இன்னும் உயர்த்திப் பிடித்தார். "தங்கச்சி, பின்னேரம் கங்காரு இருக்கு."

"கங்காரு கிடக்கட்டும். ஏண்ணே எங்களை நாய் பார்க்க வச்சீங்க?"

பார்த்தசாரதி விடவில்லை. "எங்களோடதுதான் உசரம்ணே. படத்தைக் காட்டலைன்னா எங்க பசங்க நம்ப மாட்டானுங்க."

"உயரமோ?" கதிர்காமநாதனின் குரல் மாறியது. "நீங்கள் காங்கேசன்துறைச் சிம்னியைக் கண்டிருக்கிறியளோ? கடலிலை வாறவன் முதல் அதைத்தான் காணுவான்!"

கிரிஜாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கடல் தாண்டி வந்து சிம்னிக்குச் சண்டையா? சரி, ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்க."

"தங்கச்சி, அந்தக் கம்பெனி விசயம்..."

"குடையை மடக்குங்க. ஒண்ணும் சொல்லலை."

மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரினார். பிறகு ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்து, புகைபோக்கி மறையாதபடி ஓரடி வலப்பக்கம் நகர்ந்து நின்றார்.