பெயிண்டர் வீட்டுப் பூஞ்சணம்

நாய்களுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டும் கடையில் அவளுக்கு வேலை. காது மடலைத் திருப்பினாலே உண்ணி எங்கே பதுங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். இடுக்கி பக்கத்திலேயே இருக்கும். ஆனாலும் விரலால்தான் பிடுங்குவாள், நகத்தில் வைத்து நசுக்குவாள். இப்போது அந்த விரல்களே வீங்கி, கத்தரிக்கோலை மூட மறுத்தன. காய்ச்சல் சொல்லாமல் வந்து சொல்லாமல் போனது. போதாக்குறைக்கு இருமல். கை சரியாகாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகக் கடைக்காரம்மா நயமாகச் சொன்னார். அந்த நயம்தான் அவளுக்குக் குமட்டியது.

மருத்துவர்களுக்குக் குறைவில்லை. ஒருவர் முடக்குவாதம் என்றார். இன்னொருவர் ரத்தசோகை என்றார். மூன்றாமவர் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே மனசுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்; அவர் கொடுத்த மாத்திரையில் அவள் நன்றாகத் தூங்கினாள், வலி மட்டும் விழித்திருந்தது. நோய் பிடிபடாமல் இருக்க அவளும் தன்னாலான உதவியைச் செய்தாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது சோப்புக் கரையக் குளிப்பாள், பவுடர் பூசுவாள், என்ன வேலை என்று கேட்டால் வீட்டில்தான் என்பாள். நாய் மயிர் ஒட்டிய கையைப் பிடித்துப் பார்க்க எந்த டாக்டருக்கு மனசு வரும்?

புருஷன் பெயிண்டர். அடுத்தவர் வீட்டுச் சுவரென்றால் பழைய பெயிண்டைச் சுரண்டி, வெடிப்பில் பட்டி பூசி, தேய்த்து, காயவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொடுவார். சொந்தப் படுக்கையறையில் கறுப்பாகப் பூஞ்சணம் பூத்தால், மிச்சம் கிடக்கும் டப்பாவைத் திறந்து அதன் மேலேயே ஒரு பூச்சு. ஒரு தடவை ரோஜா நிறம், அடுத்த தடவை பச்சை. அறை எப்போதும் புதுசாகவே இருந்தது. வாசனை மட்டும் நனைந்த நாயுடையது. அது தன் மேலிருந்துதான் வருகிறது என்று நினைத்து அவள் மறுபடியும் குளிக்கப் போவாள்.

ஒருநாள் வேலையில் கால் மடங்கி விழுந்தாள். கடைக்காரம்மா அவளை ஈர ஏப்ரனோடும் ஒட்டிய மயிரோடும் அப்படியே பக்கத்துக் கிளினிக்கில் கொண்டுபோய் உட்கார வைத்தார். அங்கிருந்த டாக்டரம்மா மூக்கைச் சுளித்தார். பிறகு அவள் காலரிலிருந்து எதையோ பஞ்சால் எடுத்தார். அது கால்களை ஆட்டியது.

"என்னம்மா இது?"

"உண்ணி. நாய்மேல இருக்கறது."

"உங்களக் கடிச்சிருக்கா?"

"கடிக்காத நாள் எது? பிச்சுப் போட்டுட்டு வேலையப் பாப்பேன்."

"இத ஏன் எந்த டாக்டர்கிட்டயும் சொல்லல?"

"கேட்டவங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். அசிங்கமா இருந்துச்சு."

இரண்டு நாள் கழித்து வந்த ரத்தப் பரிசோதனை முடிவில் உண்ணிக்கடியால் வரும் நோய் என்று தெரிந்தது. மருந்து உண்டு, ஆனால் முற்றவிட்டதால் விரல்கள் பழையபடி மடங்குமா என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டர். இருமலுக்கு உண்ணி பொறுப்பில்லை, வீட்டில் ஈரம் ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"எங்க வீட்லயா?" என்றார் கூட வந்திருந்த புருஷன், பெருமையாக. "போன மாசம்தான், டாக்டர், பெயிண்ட் அடிச்சேன்."

நசுக்கப்போகிற உண்ணியைப் பார்ப்பதுபோல அவள் அவரைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சுவரோரம் கிடந்த கட்டிலைத் தள்ளி இழுக்கச் சொன்னாள். பட்டி சுரண்டும் தகட்டை அவர் கையில் கொடுத்தாள்.

"காசு குடுக்கறவங்க வீட்ல செய்வீங்களே, அப்படிச் செய்ங்க."

பச்சை உரிந்தது, ரோஜா உரிந்தது. அடியில் கறுப்பு வழவழப்பு; அதற்கும் அடியில், குளியலறைக் குழாய் கசிந்து ஊறிய செங்கல். அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"சீ, இதுகிட்டயா இத்தன நாளா படுத்திருந்தோம்?"

"நான் படுத்திருந்தேன்," என்றாள் அவள், தலையணையை எடுத்துக்கொண்டு. "நீங்க கதவுப் பக்கம்."