கன்னியம்மாவின் பேறுகால மனு

சத்தியம், சத்தியம், மூன்றாவது தடவையும் சத்தியம்! இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் இன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கக் கூடாது. மனு எழுதும் தொழிலில் எழுத்துக்குக் கூலி கிடையாது. எழுத்தில் எவ்வளவு கண்ணீர் விடுகிறோம் என்பதற்குத்தான் கூலி.

தொண்ணூற்றொன்றாம் வருடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் அரசாங்க ஆபீஸ் வாசலில், தகரப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதே எனக்கு அறுபது. நீங்களும் ஏதாவது ஒரு ஜன்னல் முன்னால் கால் கடுக்க நின்றவர்தானே? அப்படியானால் கேளுங்கள்.

கைப்பழக்கம்

பென்னலூரிலிருந்து கன்னியம்மா வந்தாள். தலைச்சன், ஏழு மாதம். புருஷன் தேவராஜுக்குத் தண்டலம் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. பாதி மாதம் ஷிப்டு, பாதி மாதம் வீடு. ஏழைக் கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் தரும் பேறுகாலப் பணம் வந்தால்தான் பிள்ளைக்குப் பால். ஒரே நிபந்தனை, பிள்ளை பிறப்பதற்கு முன்னால் மனுவில் அதிகாரியின் கையெழுத்து விழுந்துவிட வேண்டும். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் தாத்தா. ஆனா ஆபீஸ் பாஷை வராது" என்றாள். சிங்கத்திடம் வந்துவிட்டாய் தாயே என்று பேனாவைத் திறந்தேன்.

இருபது வருடமாக விதவைப் பென்ஷன் மனு எழுதிய கை. நான் வெற்றிலை மெல்ல, அது பாட்டுக்கு ஓடியது. உள்ளே குமாஸ்தா சத்தமாகப் படித்தார்: "கைப்பிடித்த கணவனைக் காலனுக்குப் பறிகொடுத்து, கதியற்று நிற்கும் அபலை..." அபலைக்குப் பின்னால் நின்ற தேவராஜ் நிதானமாக வெளியே வந்து என் முன்னால் குந்தினான்.

"இன்னா பெருசு, நான் எப்போ செத்தேன்? முன்னாடியே சொல்லியிருந்தா ஷிப்டுக்கு லீவு போட்டுக்கினு வந்திருப்பேனே?"

கார்பன் தாள்

அடுத்த வாரம் கன்னியம்மா தன் தெருவிலிருந்து இன்னும் இரண்டு கர்ப்பிணிகளையும் அழைத்து வந்தாள். தேவராஜைச் சாகடித்தும் என் வியாபாரம் சாகவில்லை என்று குஷி. மூன்று மனு பாரம், நடுவே இரண்டு கார்பன் தாள். பெண் பெயரையும் புருஷன் பெயரையும் மட்டும் காலியாக விட்டு, மிச்சத்தை ஒரே அழுத்தில் எழுதி முடிப்பது என் கண்டுபிடிப்பு.

போன தடவை ஒருவனைக் கொன்ற பயம் எனக்கு. அதனால் "என் கணவர் தேவராஜ் நல்ல உயிருடன் உள்ளார்" என்று அழுத்தினேன் பாருங்கள், மூன்றாவது தாளிலும் அச்சு மாதிரி விழுந்தது. ஒரே புருஷன், மூன்று மனைவி, மூன்று பேரும் கர்ப்பம்! விசாரிக்க ஊருக்குப் போன ஆபீஸ் அம்மா, தெருக்குழாயடியில் மூன்று மாமியார்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். மனு மூன்றும் தள்ளுபடி. மற்ற இரண்டு பெண்களுக்கும் ஐந்தாம் மாதம்தான், அவகாசம் இருந்தது. கன்னியம்மாவுக்கு இல்லை. அவள் மாமியார் பஸ் ஏறி வந்து, என் பெட்டி மேல் கையை ஊன்றினாள்.

"அன்னிக்கு எம்புள்ளைய சாவடிச்சே. இப்போ மூணு கண்ணாலம் கட்டி வச்சிருக்கே. ஒரு பந்தியாவது போட்டியாய்யா?"

ஜீப் கிளம்பும் நேரம்

அடுத்த மனு நாளைக்கு, அடுத்த மனு நாளைக்கு என்று நான் பயந்து தள்ளிப்போட்டதில் ஒன்பதாம் மாதமும் முடிந்தது. ஒரு மத்தியானம் கன்னியம்மா மாமியாரோடு வந்து நின்றாள். கையெழுத்துப் போடும் அதிகாரியம்மா ஒரு வாரத்துக்கு வெளியூர், ஜீப் உறுமிக்கொண்டிருக்கிறது. "கருணைக் கடலே, ஏழைகளின் விடிவெள்ளியே" என்று ஆரம்பித்தேன். விடிவெள்ளி முடிவதற்குள் அவளுக்கு வலி எடுத்துவிட்டது.

"குடு தாத்தா இங்க!" என்று பேனாவைப் பிடுங்கினாள். ஜீப் முகப்பில் தாளை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நாலே வரி: "என் பேரு கன்னியம்மா. தலைச்சன் குழந்தை. வீட்டுக்காரருக்குப் பாதி மாசம்தான் வேலை. பால் வாங்கணும்." அதிகாரியம்மா படித்தார், அங்கேயே கையெழுத்துப் போட்டார், அதே ஜீப்பில் அவளையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் டிரைவர் பிரேக் போட்ட குலுக்கலிலேயே குழந்தை வெளியே வந்துவிட்டதாம். நான் பார்க்கவில்லை, ஆனால் சத்தியம். ஏறுமுன் அதிகாரியம்மா என்னைப் பார்த்துச் சொன்னது மட்டும் இன்னும் குத்துகிறது.

"இருபது வருஷமா எழுதறீங்க பெரியவரே. இன்னிக்குத்தான் இந்த வாசல்லேர்ந்து வந்த ஒரு மனு எனக்குப் புரிஞ்சுது."

மடியில் பெண்பிள்ளை

மூன்றாம் மாதம் பணம் வந்த கையோடு கன்னியம்மா வந்தாள். மடியில் கொழுகொழுவென்று பெண். தூக்கினேன், சட்டையை நனைத்தது. சும்மா விடுவேனா? "இவளுக்கு ஸ்கூல் சேர்க்க, ஸ்காலர்ஷிப் கேட்க, எதுக்கும் என்னிடமே வந்துவிடு, உனக்குக் கூலி பாதிதான்" என்றேன். அவள் குழந்தையை அவசரமாகத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"வேணாம் தாத்தா. இவளுக்கு அப்பன் உசுரோட ஒருத்தனே இருக்கட்டும்."

அரசாங்கப் பணம் ஒரு பிள்ளைக்குப் போய்ச் சேராமல் தடுக்க மந்திரியும் வேண்டாம், தாசில்தாரும் வேண்டாம், நல்ல தமிழ் தெரிந்த என்னைப் போல் ஒருவன் வாசலில் உட்கார்ந்தால் போதும். இதைச் சொன்னது நான்தான் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள், மற்ற மனு எழுத்தர்கள் என்னை உதைப்பார்கள்.