மூடியில் ஏகாம்பரம் இழுத்த கோடு

ஏகாம்பரம் போய்விட்டார் என்று பேக்கிங் செக்‌ஷன் செல்வி போனில் சொன்னபோது, நான் திருமழிசையில் ஒரு காய்கறிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். "காலையில நெஞ்சு வலின்னாராம் சார். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளயே..." கடைக்காரர் நான் கேட்ட சேனைக்கிழங்கை நிறுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்துக் கூடையிலிருந்து இரண்டு கட்டு சிறுகீரையும் எடுத்தேன். கிழங்கு வாங்கினால் கீரை வாங்காமல் திரும்ப எனக்குத் தெரியாது. அந்தப் பழக்கத்தை என் கையில் கட்டிவிட்டுப் போனவர் அவர்தான்.

மண்ணூர்பேட்டையில் நம் கம்பெனிச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏகாம்பரம் ஃபிட்டர். செம்பரம்பாக்கத்துக்காரர். போன வருஷம்தான் ரிடையர் ஆனார். நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அவர் செய்து கொடுப்பதை அளந்து பார்த்து, பிசகினால் தள்ளுவது என் வேலை, தள்ளியதற்காக என்னைத் திட்டுவது அவர் வேலை. மதியம் டப்பா திறக்கும் அரை மணி நேரம் மட்டும் எங்களுக்குள் சமாதானம். அவருடைய டப்பாவில் உருளைக்கிழங்கு வறுவல் இருந்தால் அந்தச் சமாதானம் கொஞ்சம் நீளும்.

எனக்குச் சர்க்கரை வந்தது நாற்பத்தாறு வயதில். பயந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. சர்க்கரையில் என் அப்பாவுக்கு ஒரு கால் விரலையே எடுத்தார்கள், அதைக் கூட இருந்து பார்த்தவன் நான். டாக்டர் அளவாகச் சாப்பிடச் சொன்னதை, அடியோடு நிறுத்தச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். சோறு கிடையாது, கிழங்கு கிடையாது. மனைவி தினமும் வேகவைத்த கீரையும் வெள்ளரிக்காயும் கட்டிக் கொடுத்தாள். எனக்கோ கீரை என்றாலே சின்ன வயதிலிருந்து ஆகாது. பாதியைத் தொட்டியில் கொட்டிவிட்டு மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டேன்.

ஒரு நாள் ஏகாம்பரம் செய்த புஷ் என்ற இரும்பு வளையத்தை அளந்துகொண்டிருந்தேன். கை நடுங்கியது. சாப்பாடு இல்லாமல் மாத்திரை மட்டும் போட்டதில் சர்க்கரை இறங்கிப்போய், சட்டையெல்லாம் வியர்த்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஓடிவந்து சர்க்கரை போட்ட டீயை வாயில் வைத்தவர் அவர்தான். எனக்குத் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னா சார், என் பீஸைத் தள்றதுக்கோசரம் இப்டியா விழுவ?" மறுநாள் அரை நாள் லீவு போட்டு என்னை டாக்டரிடம் இழுத்துப் போனார். நான் சாப்பிடுவதைக் கேட்டுவிட்டு டாக்டர் திட்டிய திட்டு எனக்கு. ஆனால் அளவைக் கவனமாகக் கேட்டுக்கொண்டவர் ஏகாம்பரம். "ஒரு பங்கு கெழங்கு, ரெண்டு பங்கு கீரை. கெழங்கைப் பொரிக்காம அவிச்சுத் துன்னணும். கெழங்கு வந்தா சோறு கொஞ்சம் நவுந்து எடம் உடணும், பஸ்ல மூணு பேர் சீட்டு மாதிரி" என்று படியிறங்கும்போதே எனக்குப் பாடம் ஒப்பித்தார்.

அன்று மதியம், நாங்கள் தட்டாக வைத்துச் சாப்பிடும் டப்பா மூடிகளை, என்னுடையதையும் தன்னுடையதையும் எடுத்துக்கொண்டு தன் வேலை பெஞ்சுக்குப் போனார். அளவுகோல் வைத்து, இரும்பில் கோடு போடும் ஊசியால் இரண்டிலும் நேராக ஒரு கோடு இழுத்தார். மூன்றில் ஒரு பங்கு இந்தப் பக்கம், மீதி அந்தப் பக்கம். "சின்ன பக்கம் கெழங்கு, பெரிய பக்கம் கீரை. கீரை மொதல்ல." உங்களுக்கு எதற்குக் கோடு என்று கேட்டேன். "நீ மட்டும் துன்னா அது தண்டனை சார். எதிர்ல ஒர்த்தன் துன்னுகினு இருந்தா அது சாப்பாடு" என்றார்.

நானா சும்மா இருப்பேன்? மூன்றாவது நாளே, செல்வி கொண்டுவந்த சேப்பங்கிழங்கைக் கோட்டைத் தாண்டாமல் கோபுரமாகக் குவித்தேன். ஏகாம்பரம் குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். "அட, இன்ஸ்பெக்டரே! நீளம் அகலம் குட்த்தேன், ஒசரம் குடுக்க மறந்துட்டனே!" மேசையே சிரித்தது. எங்கள் துறையில் அளவை ஏமாற்றுகிறவனை விடக் கேவலமானவன் கிடையாது. மானம் போயிற்று. மறுநாள் மூடியின் விளிம்பில் உயரத்துக்கும் ஒரு சின்னக் கோடு இருந்தது.

இப்படியே ஒன்பது வருஷம். முளைக்கீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, முருங்கை, எது வந்தாலும் அவர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார். என்ன ரசனை இந்த மனிதருக்கு என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். அவரைப் பார்த்துப் பார்த்தே எனக்கும் கீரை பிடித்துப்போனது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் வீட்டுக்குப் போனேன். மொட்டைமாடியில் அவர் மனைவி கன்னியம்மா படையலுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார். ஏகாம்பரத்துக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வறுவல் மலையாகக் குவிந்திருந்தது. "கீரை வைக்கலியாம்மா?" என்று கேட்டேன்.

"கீரையா? அவருக்கா?" கன்னியம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "கல்யாணம் ஆன நாள்லேந்து ஊட்ல ஒரு வாய் தொட்டதில்ல சார். கம்பெனில தெனம் துன்றேன்னு கதை உடுவாரு. நான் நம்பவே இல்ல."

"தின்னாரும்மா. ஒன்பது வருஷம், என் எதிரிலேயே. ரசிச்சு, கண்ணை மூடிக்கிட்டு."

"கண்ணை மூடிக்கினாரா? பேதி மருந்து குடிக்க சொல்லவும் அப்டித்தான் மூடுவாரு."

ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் கண்டுபிடிக்கிற நான், எதிரில் உட்கார்ந்திருந்த மனிதர் முகத்தை ஒன்பது வருஷம் தப்பாக அளந்திருக்கிறேன். அவருக்கும் கீரை ஆகாது. எனக்காக விழுங்கியிருக்கிறார்.

கன்னியம்மா கீழே போய் அவருடைய டப்பா மூடியை எடுத்துவந்தார். "இந்தக் கோடு அதுக்குத்தானா? கீறல்னு நெனச்சு தெனம் தேச்சுத் தேச்சுப் பாத்தேன் சார், போவவே இல்ல." அப்புறம் ஒரு கரண்டி அரைக்கீரைக் கடைசலைக் கொண்டுவந்து வறுவலுக்குப் பக்கத்தில் வைத்தார். "கம்பெனில துன்னவரு, இன்னிக்கு ஊட்லயும் துன்னட்டும்."

காக்கா வந்தது. நேராக உருளைக்கிழங்கைக் கொத்தியது. மறுபடியும் உருளைக்கிழங்கைத்தான். கீரைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"பாத்தீங்களா! நான் சொல்லல?" என்று கன்னியம்மா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மாடியில் இருந்த எல்லோரும் சிரித்தோம், அழுதோம்.

நண்பர்களே, ஏகாம்பரத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது கோடு போட்ட ஒரு டப்பா மூடி. நாளைக்கும் மதியம் அதைத் திறப்பேன், கீரையை முதலில் எடுப்பேன். அவர் ரிடையர் ஆனதிலிருந்து எதிர் நாற்காலி காலியாக இருக்கிறதே என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாடியில் கன்னியம்மாவிடம் சொன்னேன். "அவர் தனியா கீரை சாப்பிட மாட்டாரும்மா. எதிர்ல ஆள் வேணும்."

"அப்போ நீ குந்து சார்" என்று கன்னியம்மா படையலுக்கு எதிரே எனக்கு ஓர் இலை போட்டார். உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்துகொண்டே, முதல் வாய் கீரையை எடுத்தேன்.