ஒன்பதாவது மாடிச் சாப்பாடு

அந்தக் குடும்பத்தில் ஒன்பதாவது மாடிக்குச் சாப்பிடப் போன ஒருவரும் போன மாதிரியே திரும்பி வந்ததில்லை. லாரி ஓட்டிக்கொண்டு மாதத்தில் இருபது நாள் ஊர் சுற்றிய தம்பி, அங்கே ஒரு முழு மீனைச் சாப்பிட்டுவிட்டுச் சலவைக்கடை வேன் டிரைவராக இறங்கி வந்தான். புகைப்படக் கலைதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்ற மகன், இரண்டு கிண்ணம் ஐஸ்கிரீமுக்குப் பிறகு கம்ப்யூட்டர் படிப்புக்குத் தலையாட்டிவிட்டு வந்தான். முப்பது வருஷம் இஸ்திரி போட்ட பெரியவர் கையில் ஒரு சுவர்க்கடிகாரத்தோடு லிஃப்டிலிருந்து வெளியே வந்தார். அன்றோடு தனக்கு ஓய்வு என்பது அவருக்கே சூப் வந்த பிறகுதான் தெரிந்ததாம்.

கூட்டிப் போனது எல்லாத் தடவையும் ஒரே ஆள். சலவைக்கடையின் முதலாளி, அந்த லாரித் தம்பிக்கு அக்கா, அவன் மனைவி சின்னவளுக்கு நாத்தனார். புருஷன் போன பிறகு இரண்டு இயந்திரங்களை வைத்துக்கொண்டு ஆரம்பித்து, ஊரிலுள்ள பெரிய ஹோட்டல்களின் மேஜைத் துணியெல்லாம் தன் கடைக்கே வரும்படி செய்த பெண்மணி. ஒன்பதாவது மாடி ஹோட்டலும் அவளுடைய வாடிக்கைதான். அங்கே போனால் வாசலிலேயே மேனேஜர் வந்து நாற்காலியை இழுத்துப் போடுவார். ஆனால் அவள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு மேனேஜர் காரணமில்லை. அங்கே யாரும் குரலை உயர்த்த முடியாது. பக்கத்து மேஜையில் கரண்டி வைக்கிற சத்தம்கூடக் கேட்கும் இடத்தில் எவன் எழுந்து நின்று முடியாது என்று கத்துவான்? வீட்டில் என்றால் கதவை அறைந்துவிட்டுப் போகலாம். அங்கே கதவைத் திறந்துவிடவே தனியாக ஒரு ஆள் நிற்கிறான்.

நாத்தனார் கெட்டவள் என்று யாராவது நினைத்தால் அது என் தப்பு. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் சின்னவள் எப்போதோ பெட்டியைக் கட்டியிருப்பாள். நல்லவளிடம் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் வெளியே வர வழி தெரிவதில்லை.

சின்னவளுக்கு நாற்பத்து நாலு வயது. தலையில் பாதி நரைத்தாயிற்று. இருந்தாலும் அந்தக் கடையில் துணி எண்ணுகிற பெண் முதல் மின்சாரம் பார்க்க வருகிறவர் வரை எல்லோருக்கும் அவள் சின்னவள்தான். பத்தொன்பது வருஷமாகக் கறை எடுப்பதும் இஸ்திரி மேற்பார்வையும் அவள் பொறுப்பு. மெழுகு சொட்டிய துணியில் காகிதத்தை வைத்துத் தேய்த்து மெழுகை எடுப்பாள். உதட்டுச் சாயக் கறை பழையதா, புதியதா என்று தொட்டே சொல்லுவாள். குடியிருப்பது கடைக்கு மேலேயே. கீழே பெரிய இயந்திரம் சுற்ற ஆரம்பித்தால் மேலே தட்டுகள் நடுங்கும். மாடிப்படி நேராக இஸ்திரிக் கூடத்தில் போய் இறங்கும். கூடத்தைத் தாண்டினால் நாத்தனாரின் நாற்காலி. அதைத் தாண்டினால்தான் தெரு. வேறு வாசல் கிடையாது.

அந்த நாற்காலியைத் தாண்டும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். "எங்க?" அவ்வளவுதான். சந்தேகமெல்லாம் இல்லை, சும்மா கேட்பதுதான். மருந்து வாங்க என்றால், "இரு, பையனை அனுப்புறேன்" என்பாள். சும்மா காற்றாட என்றால், "இரு, நானும் வரேன்" என்பாள். வருஷத்தில் ஒரு நாளும் கடை மூடாது, ஹோட்டல்கள் மூடாததால். பத்தொன்பது வருஷத்தில் அந்த "எங்க?"வுக்குச் சின்னவள் எத்தனை பதில் சொல்லியிருப்பாள் என்று அவளே ஒருநாள் யோசித்துப் பார்த்து, பாதியிலேயே பயந்துபோய் விட்டுவிட்டாள்.

ஊரின் மறுகோடியில் இருக்கும் ஆஸ்பத்திரியில் துணி அறைக்குப் பொறுப்பாளர் வேண்டும் என்று பேப்பரில் பார்த்தபோது, அதனால்தான் யாரிடமும் மூச்சுக் காட்டாமல் விண்ணப்பம் போட்டாள். நேர்முகத்துக்குப் போன அன்று "எங்க?" வந்தது. பல் பிடுங்க என்றாள். நாத்தனார் கூடவே கிளம்பப் பார்த்தாள். நல்லவேளையாக இயந்திரம் ஒன்று மக்கர் செய்து காப்பாற்றியது. ஒரு பொய்யின் விலையாக மூன்று நாள் ஒரு பக்கமாகவே மெல்ல வேண்டியதாயிற்று. நாத்தனார் வேளாவேளைக்குக் கஞ்சி காய்ச்சி மாடிக்குக் கொடுத்தனுப்பினாள். பசியில் சின்னவளுக்குக் கண் இருட்டியது.

ஆனால் அந்த பஸ் பயணம். போக நாற்பது நிமிஷம், வர நாற்பது நிமிஷம். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவளை யாருக்கும் தெரியாது, யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது நிறுத்தத்திலேயே தோள்பட்டை தானாக இறங்கியதை அவள் உணர்ந்தாள். அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். வேலை எப்படிப்பட்டதோ, மேலதிகாரி எப்படிப்பட்டவரோ, அதெல்லாம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. தினமும் இந்த பஸ் கிடைக்கும் என்பதற்காகவே அந்த வேலை வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். பத்து நாளில் உத்தரவு வந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சேர வேண்டும்.

புதன்கிழமை நாத்தனார் நாற்காலியிலிருந்தபடியே, "சனிக்கிழமை மத்தியானம் வேலை எதுவும் வச்சுக்காதே. நாம ரெண்டு பேரும் ஒன்பதாவது மாடியில சாப்பிடலாம்" என்றாள். சின்னவள் மேலே வந்து கணவனிடம் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினான். அவனுக்கு ஆஸ்பத்திரி விஷயம் தெரியும். அக்காவிடம் நீதான் சொல்ல வேண்டும் என்று அதுவரை அவளைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தவன், இப்போது ரொம்ப நேரம் யோசித்து ஒரே ஒரு அறிவுரை சொன்னான்.

"என்ன ஆனாலும் மீன் வர்றதுக்கு முன்னாடி சொல்லிடு. மீனைச் சாப்பிட்டுட்டா அப்புறம் சொல்ல வராது."

பாவம், அனுபவஸ்தன்.

சனிக்கிழமை லிஃப்டில் ஏறியபோது சின்னவள் வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தாள். அண்ணி, எனக்கு வேற வேலை கிடைச்சிருக்கு, திங்கட்கிழமை சேரப் போறேன். இவ்வளவுதான். மூன்று நாளாகக் குளிக்கும்போதும் இஸ்திரி போடும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்தது. ஒன்பதாவது மாடியில் கதவு திறந்ததும் அந்த வாக்கியம் வாய்க்குள்ளேயே ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது வருஷமாக இந்த இடத்தின் அழுக்கைத் துவைக்கிறாள், இடத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். தரைவிரிப்பில் செருப்புச் சத்தம்கூட இல்லை. மேனேஜர் வந்து, சுவரோரத்து நாற்காலியை அவளுக்கென்று இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்ததும் மேஜையை நகர்த்தி நெருக்கி வைத்தார். பின்னால் சுவர், முன்னால் மேஜை, இடதுபக்கம் கண்ணாடி, வலதுபக்கம் நாத்தனார்.

மேஜைத் துணியின் ஓரத்தில் விரல் தானாகப் போயிற்று. பொடித் தையல் ஒன்று தட்டுப்பட்டது, போன வருஷம் அவளே போட்டது. யாரோ சிகரெட்டால் சுட்ட இடம். அந்தப் பெரிய அறையில் தெரிந்த முகம் அது ஒன்றுதான் என்பதுபோல் அதையே தடவிக்கொண்டிருந்தாள்.

மெனு அட்டையை அவளிடம் கொடுக்காமலே நாத்தனார் இருவருக்கும் சொல்லிவிட்டாள். சூப், பிறகு மீன். பரிமாறுகிறவர் எழுதிக்கொண்டு போனார். சூப் வந்தது. இரண்டு வாய்க்குள் சொல்லிவிட வேண்டும் என்று சின்னவள் கரண்டியை வைத்தாள். நாத்தனார் முந்திக்கொண்டாள். முட்டி வலியைப் பற்றி ஆரம்பித்தாள். படியேற முடியவில்லை, டாக்டர் உட்கார்ந்தே இருக்கக்கூடாது என்கிறார், வீட்டுக்குப் போனால் டிவியைத் தவிரப் பேச நாதியில்லை என்று போயிற்று. நடுவில் வாயைத் திறக்க இடமே இல்லை. சூப் தீர்ந்துவிட்டது. தூரத்தில் இரண்டு பெரிய தட்டுகளோடு பரிமாறுகிறவர் வருவது தெரிந்தது. கணவனின் முகம் நினைவுக்கு வர, சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு கொட்டிவிட்டாள்.

"அண்ணி, நான் வேற வேலைக்குப் போறேன். ஆஸ்பத்திரியில. திங்கட்கிழமை சேரணும்."

தட்டுகள் வந்து இறங்கின. பரிமாறுகிறவர் போனார். நாத்தனார் தன் மீனிலிருந்து முள்ளை நிதானமாக எடுத்தாள். எடுத்துவிட்டு, அந்தத் தட்டைச் சின்னவளின் பக்கம் நகர்த்தி, அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள். "சாப்பிடு. பல்லுதான் நல்லா இருக்கே."

சின்னவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.  எப்படித் தெரியும் என்று கேட்காமலே பதில் வந்தது. விண்ணப்பத்தில் முன் அனுபவம் என்ற இடத்தில் சின்னவள் கடையின் பெயரையும் டெலிபோன் நம்பரையும் ஒழுங்காக எழுதியிருந்தாள். நேர்மையான பெண், வேறென்ன எழுதுவாள். ஆஸ்பத்திரி அதிகாரி அந்த நம்பருக்குப் போன் செய்து, இந்தப் பெண் எப்படி என்று விசாரித்திருக்கிறார். நாத்தனார் அரைமணி நேரம் புகழ்ந்திருக்கிறாள். இவளைப் போல் ஒரு கைகாரி இந்த ஊரிலேயே இல்லை என்றாளாம். புகழ்ச்சி முடிந்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. ஆஸ்பத்திரியின் சொந்த இயந்திரங்கள் பழையவை, ஆள் போதவில்லை, சலவையை வெளியே யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று யோசிக்கிறோம் என்றாராம் அதிகாரி. யாரிடமாவது ஏன் என்றாளாம் நாத்தனார்.

"திங்கட்கிழமை ஒண்ணாம் தேதியிலிருந்து அங்க சலவை மொத்தமும் நம்மதுதான். துணி அறையும் நம்ம பொறுப்பு. நீதான் அங்க எல்லாம்" என்றாள். "என்கிட்ட நேரா கேட்டிருந்தா இவ்வளவு கஷ்டம் உனக்கு எதுக்கு? மூணு நாள் பட்டினி கிடந்தியே, எனக்குத்தான் வயிறு எரிஞ்சுது."

தப்பித்து ஓடப் போட்ட பாலத்தில் நாத்தனாரைத் தானே கைபிடித்துக் கூட்டி வந்திருப்பது சின்னவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. கோபப்பட வேண்டும்போல் இருந்தது. எதற்கென்று கோபப்படுவது? வேலை கிடைத்துவிட்டது. பதவி உயர்வுபோலவே கிடைத்துவிட்டது. எதிரே இருப்பவள் முள் எடுத்த மீனைத் தந்துவிட்டு, முள்ளோடு இருப்பதைத் தான் சாப்பிடுகிறாள். சின்னவள் ஒரு துண்டை வாயில் போட்டாள். ருசியாகத்தான் இருந்தது, அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. சரி, போகட்டும். அங்கேயும் இவள்தான் முதலாளி என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். பஸ் இருக்கிறதே. போக நாற்பது, வர நாற்பது. அதை நினைத்துக்கொண்டதும் இன்னொரு துண்டு தொண்டைக்குள் இறங்கியது.

"தினம் நம்ம வேன்லயே உன்னை விட்டுட்டுக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டேன்" என்றாள் நாத்தனார். "பஸ்ல எதுக்கு அல்லாடணும்?"

"வேன் வேணாம்."

சின்னவளின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்த தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். கதவு திறக்கிறவன் பார்த்தான்.

"வேன் வேணாம் அண்ணி. நான் பஸ்லதான் போவேன். அவர் வந்து கூட்டிட்டுப் போகவும் வேணாம், யாரும் வர வேணாம். எனக்கு பஸ்தான் வேணும்."

கடையிலிருந்து விலகுவதை விட்டுக் கொடுத்தவள், தானே தேடிய வேலையை விட்டுக் கொடுத்தவள், ஒரு பஸ்ஸுக்காக அந்த அறையில் கத்திவிட்டாள்.  மேனேஜர் நாலு அடி வந்து, நாத்தனாரின் கையசைவைப் பார்த்து நின்றுவிட்டார்.

நாத்தனார் கைத்துணியால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அந்த மேஜையில் அதுவரை யாரும் அவளிடம் குரல் உயர்த்தியதில்லை.  சின்னவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் முதலாளித்தனம் இல்லை. முட்டி வலிக்கிற, வீட்டில் பேச ஆளில்லாத ஒரு பெண்பிள்ளை அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"சரி" என்றாள். "பஸ்லயே போ."

சின்னவளுக்கு நம்ப முடியவில்லை. ஒன்பதாவது மாடியில் ஜெயித்தவர்கள் யாருமில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று கணவனிடம் எப்படிச் சொல்வது என்று மனம் ஓடத் தொடங்கிவிட்டது.

"நானும் உன்கூட வரேன்" என்றாள் நாத்தனார். "கொஞ்ச நாளைக்கு அங்க நான் இருந்தாத்தான் சரிப்படும். பஸ்ல போய் எத்தனை வருஷம் ஆச்சு. டாக்டரும் நடக்கத்தான் சொல்றார். எனக்கும் பேச்சுத் துணையா இருக்கும்."

அனுமதி கேட்கிற குரலில் சொன்னாள். வரட்டுமா என்று கேட்காத குறை. முடியாது என்று சொல்ல அந்த ஒரு குரலை எதிர்க்கிற மனசு வேண்டும். அது சின்னவளிடம் இல்லை, பத்தொன்பது வருஷமாக இருந்ததில்லை. பரிமாறுகிறவர் வந்து கடைசியாக இனிப்பு ஏதாவது வேண்டுமா என்று குனிந்து கேட்டார். சின்னவள் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் இரண்டு ஐஸ்கிரீம் சொன்னாள்.

திங்கட்கிழமை ஏழு பத்து பஸ்ஸில் நாத்தனார்தான் முதலில் ஏறினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்ட. சின்னவள் உள்ளே வந்தபோது ஒரு ஜன்னலோர இருக்கையின்மேல் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள்.

"வா, உனக்குத்தான். நீ ஜன்னல்கிட்ட உட்காரு."

சின்னவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, காலை நீட்டி வசதி செய்துகொண்டாள். பஸ் கிளம்பியது.

"இப்ப சொல்லு" என்றாள். "இந்த பஸ்ல உனக்கு அப்படி என்னதான் இருக்கு?"