சன்னத்துக்குப் பவுடர் போட்ட சனிக்கிழமைகள்

சனிக்கிழமை காலை ஒன்பதேகால், சன்னம் இருநூற்று நாற்பது, ஆள் தெர்யெ. பவுடர் பூசும் தொழிலில் ஒரு வேலை இப்படித்தான் கொப்பியில் ஏறும்; பூசியது பிழையானால் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரிவதற்காகத்தான் அந்தப் பெயர்.

வாரநாட்களில் ஒஸ்லோவின் குரோருட்டில் ஒரு பட்டறையில் பல்கனிக் கம்பிகளுக்கும் சைக்கிள் சட்டங்களுக்கும் பவுடர் அடிக்கிறேன். பதினேழு வருடமாகிறது. பெயின்ற் போல ஈரமானதல்ல இது, உலர்ந்த தூள். உலோகத்தில் ஒட்டவைத்து மின்சாரப் போறணை அடுப்பில் வைத்தால் உருகிப் படிந்து தோல் போல இறுகிவிடும். சனிக்கிழமைகளில் இதே வேலையை நகருக்கு வெளியே, காட்டோரமாக இருக்கும் ஒரு கைத்துப்பாக்கிக் கழகத்தில் சம்பளமில்லாமல் செய்கிறேன். கழகத்தார் ஈயத்தை உருக்கி, அச்சில் வார்த்து, தங்கள் சன்னங்களை, அதாவது துப்பாக்கிக் குண்டுகளைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். வெறும் ஈயம் துப்பாக்கிக் குழலுக்குள் அப்பிக்கொள்ளும். மேலே பவுடர்த் தோல் இருந்தால் அப்பாது. நான் தொடுவது ஈயத்துண்டு மட்டும், வெடிமருந்துமில்லை, தோட்டாக் கோதுமில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் குடியிருக்கும் வெஸ்ட்லியில் இதைப் பத்துப் பேருக்காவது விளக்கியிருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஆண்டுக் கூட்டத்தில் கையுயர்த்தி என்னைப் பவுடர்ப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். நோர்வேக்கு வந்து முப்பது வருடத்தில் நான் தெரிவு செய்யப்பட்ட ஒரே பதவி அது. அதைக் காப்பாற்றப் பட்ட பாடுதான் கீழே வருவது. தூண்டில், தேனீ, பழைய வானொலி என்று எதையாவது வீட்டுக்குள் கொண்டுவந்து பேச்சு வாங்கும் அன்பர்களுக்கு என் நிலை சொல்லாமலே விளங்கும்.

பல்லின் வெள்ளை

கழக உறுப்பினரான இங்கெர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். வயது எழுபத்துநான்கு. தன் சன்னங்களுக்கு வெள்ளை வேண்டும் என்றார். மாதிரி அட்டையில் மூன்று வெள்ளைகளைத் தள்ளிவிட்டு நாலாவதைத் தொட்டார். முதல் தட்டு போறணையிலிருந்து வந்து ஆறியதும் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தார். ஏழு சன்னங்களில் பவுடர் பிடிக்காமல் ஈயம் தெரிந்தது. அவற்றைத் தனியே எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை தன் பழைய சாமணங்களோடு வந்தார். பவுடரில் புரண்ட சன்னத்தைக் கையால் தொட்டால் தொட்ட இடம் வெறுமையாகிவிடும். சாமணத்தால் பிடித்து, ஒன்றோடொன்று முட்டாமல் தட்டில் நிமிர்த்தி நிறுத்தவேண்டும். எனக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும் வேலை. இங்கெர் இருநூறையும் அரை மணியில் அடுக்கினார், ஒன்றும் சரியவில்லை. பாராட்டினேன். "இது இலகு," என்றார். "இவை ஒன்றும் இடையில் வாயை மூடுவதில்லை."

ஐஸ்கிறீம் பெட்டி

பட்டறையில் பவுடருக்கு மின்னேற்றித் தூவும் கருவி இருக்கிறது. கழகத்தில் இல்லை. அங்கே பிளாஸ்டிக் பெட்டிக்குள் சன்னத்தையும் பவுடரையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்குவார்கள். உரசலில் தானே மின்னேறி ஒட்டிக்கொள்ளும். எல்லாப் பிளாஸ்டிக்கும் இதற்குச் சரிவராது. கழகத்தில் ஈயம் உருக்குபவர் தெர்யெ, வாரநாட்களில் பேருந்து ஓட்டுபவர். சலாட் பெட்டி, ஆணிப் பெட்டி என்று ஐந்தாறு வகை முயன்று களைத்திருந்தார். நான் வீட்டிலிருந்து இரண்டு லீற்றர் வனிலா ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றைக் கொண்டுபோனேன், ஒட்டியது. ஐஸ்கிறீம் முடிந்தபின் அந்தப் பெட்டியை எறிகிற தமிழ்க் குடும்பம் ஒஸ்லோவில் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் பதினொன்று இருந்தன.

குலுக்குகிற விதமும் முக்கியம். தெர்யெ மேலும் கீழுமாக அடிப்பார். சன்னங்கள் ஒன்றையொன்று மோதி, ஒட்டிய பவுடரையும் உதிர்த்துவிடும். என் மனைவி வாசுகி பிட்டுக்கு மா குழைக்கும்போது தட்டத்தைச் சாய்த்து வட்டமாகச் சுழற்றுவாள். அடுத்த கதிரையில் இருந்து பேப்பர் வாசித்தபடி அதைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். அதே மாதிரிப் பெட்டியைச் சாய்த்து ஒரு நிமிடம் சுழற்றினேன். திறந்தால் அடி, நுனி எல்லாம் ஒரே சீராகப் பிடித்திருந்தது. எங்கே பழகினாய் என்று கேட்ட தெர்யெக்கு விஷயத்தைச் சொன்னேன். பெட்டிக்குள் ஒருமுறை பார்த்துவிட்டு அவர் சொன்னது: "அப்படியென்றால் நாங்கள் ஏன் உன்னைத் தெரிவு செய்தோம்?"

வாசுகியின் சட்டம்

பெட்டி எதற்கு என்று வாசுகி விசாரித்தாள். சொன்னேன். கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"சன்னத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலயிருந்து ஓடிவந்த ஆள், இஞ்சை வந்து அதுக்குப் பவுடர் போட்டு விடுறியள்?"

"அது வேற சன்னம். இது கடதாசியைச் சுடுறது."

"கடதாசி பாவம்," என்றுவிட்டுச் சட்டத்தை அறிவித்தாள். பவுடரோ, அது பட்ட பெட்டியோ, கழகத்துக்குப் போட்டுப்போன உடுப்போ குசினிக்குள் வரக்கூடாது. எல்லாம் கட்டடத்தின் நிலத்தடியில் எங்களுக்கென்று இருக்கிற சாமான் அறையில்தான் இருக்கவேண்டும். ஈயம் கண்ட போறணையில் சாப்பாடு வைக்கக்கூடாது என்பதால் கழகத்தில் தனிப் போறணை இருக்கிறது என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். "நல்லது," என்றாள். "உந்தத் தூளில ஒரு துணிக்கை என்ர சாப்பாட்டுக்கை கண்டன் எண்டால், அண்டைக்கே உங்கட பதவி போச்சு."

நீலம் சொன்ன சாட்சி

ஆளுக்கொரு நிறம் என்பது என் யோசனை. இங்கெருக்கு வெள்ளை, தெர்யெக்கு நீலம். எனக்கு, எங்கள் குடியிருப்பின் பல்கனிக் கம்பிகளுக்குப் பட்டறையில் அடித்து மிஞ்சிய செங்கபிலம். வறுத்து அரைத்த மிளகாய்த்தூளின் நிறம் என்றால் உங்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

இலக்குப் பலகைகளைத் தாங்கும் மரத்தூண் ஒன்றில் மாரி தொடக்கத்தில் ஒரு துளை விழுந்தது. பலகையிலிருந்து நல்ல தூரம் தள்ளி. சுட்டது யார் என்று தெரியவில்லை. புது ஆட்களைக் கவனமாகப் பார்க்கவேண்டும் என்று தெர்யெ கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிவந்தார். அந்த வருடம் புது ஆட்கள் என்றால் நானும் இன்னும் இரண்டு பேரும். வசந்தத்தில் தூணை மாற்றுவதற்காகப் பிளந்தோம். உள்ளேயிருந்து சப்பளிந்த சன்னம் ஒன்று விழுந்தது. பவுடர் அழகாகவே ஒட்டியிருந்தது, நல்ல நீலம். தெர்யெதான் அதைக் குனிந்து எடுத்தார். "நிறம் போடுகிற யோசனையை மறுபடி பரிசீலிக்கலாம்," என்றார்.

ஒட்டாத தட்டு

போன வருடம் ஏப்ரல் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை. எங்கள் குடியிருப்பில் டுக்நாட், அதாவது குடியிருப்பார் எல்லாரும் கூடி முற்றம் கூட்டுகிற சிரமதானம். மத்தியானத்துக்கு நாற்பது பேருக்கு ஆட்டிறைச்சிக் கறி தருவதாக வாசுகி ஒப்புக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்து, கூட்டுமாறுக்குத் தப்பி, நிலத்தடி அறையில் என் பவுடர்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு கழகத்துக்குப் போனேன். முகமூடி போட்டுக்கொண்டு வழக்கம்போலச் சன்னங்களைச் சுழற்றினேன். அன்று பவுடர் பிடிக்கவில்லை, திட்டுத்திட்டாக நின்றது. இரவு பெய்த மழைக்கு ஈரம் பிடித்திருக்கும், சூட்டில் உருகிச் சரிவரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தட்டைப் போறணைக்குள் தள்ளினேன்.

ஏழெட்டு நிமிடத்தில் இங்கெர் வாசலுக்கு வந்து, என்ன சமைக்கிறாய் என்று கேட்டார். முகமூடியைக் கழற்றினேன். கொத்தமல்லி, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வனிலா என்று எழுதியிருந்தது. அது முந்தின கிழமை வாசுகி வறுத்து அரைத்து, குசினியில் இடமில்லாமல் நிலத்தடி அறைக்கு அனுப்பிய தூள். அந்த அறையில் இதற்குப் பக்கத்தில் இருந்த பெட்டியிலும் வனிலா என்றுதான் எழுதியிருந்தது. அதற்குள் என் செங்கபிலம். கறிக்குத் தூள் எடுக்க அவள் கீழே இறங்குகிற நேரம் தாண்டிவிட்டது. பட்டறையில் பெயர் ஒட்டாத ஒரு டப்பாவைக் கண்டால் பொறுக்காதவன் நான். என் பெட்டியில் பெயர் ஒட்டவில்லை. ஆறு தரம் அழைத்தேன், அவள் போனை எடுக்கவில்லை. "மணம் நன்றாக இருக்கிறது," என்றார் இங்கெர். "நீதான் வெளிறிப்போய் இருக்கிறாய்."

நாற்பது கோப்பைகள்

போறணையைத் தெர்யெயிடம் ஒப்படைத்துவிட்டு இங்கெரின் காரில் புறப்பட்டோம். வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் வேகமாக ஓட்டச் சொல்லியும் கேட்டேன். எண்பது என்றுதான் எழுதியிருக்கிறது என்று எண்பதிலேயே ஓட்டினார். முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இலை வாரிகள் சுவரில் சாய்ந்திருந்தன. சனம் கோப்பையும் கையுமாக நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கோப்பைகளில் குழம்பு, மேலே பல்கனிக் கம்பிகள், இரண்டும் ஒரே நிறம். பானைக்குப் பக்கத்தில் அகப்பையோடு வாசுகி.

"என்ன தூள் போட்டனீர்?" என்று கேட்டேன். என் கழுத்தில் தொங்கிய முகமூடியைப் பார்த்தாள்.

"மேல்வீட்டு ராணியக்காவிட்டை வாங்கின தூள்."

"கீழை இருந்த பெட்டி?"

"மூடியைத் திறந்தன், மணமில்லை. மணக்காத தூளை நான் கறிக்குப் போடுவனே? உங்கடதுதான் எண்டு விளங்கிச்சு. திரும்பக் கொண்டுபோய்க் கீழை வச்சாச்சு."

ஆக, பவுடரைக் குசினிக்குக் கொண்டுபோனது அவள்தான், நானல்ல. இந்த வாதம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். பக்கத்தில் நிற்பவரிடம் ஊர்க்கதை விசாரிப்பதுபோல அவள் அடுத்ததைக் கேட்டாள்: "அப்ப என்ர மூண்டு மாசத் தூள் எங்கை?" நான் அகப்பையை வாங்கக் கை நீட்டினேன். வாசுகி அதையே நோர்வேஜிய மொழியில், எனக்குப் பின்னால் அதற்குள் கறி வாங்கிச் சாப்பிடத் தொடங்கியிருந்த இங்கெரிடம் கேட்டாள். அவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, நோயாளியிடம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்: "ஈயத்தின் மேல் பூசியிருக்கிறோம். இருநூறு பாகையில், இருபது நிமிடம்."

பரிசோதகர் வருகை

பதவி அன்றே போகவில்லை. சாப்பாட்டில் ஒரு துணிக்கையும் காணப்படவில்லை என்பதால் சட்டப்படி போகவும் முடியாது. அதற்குப் பதிலாக அடுத்த சனிக்கிழமை வாசுகி கழகத்துக்கே வந்தாள். கறித்தூள் பூசிய சன்னங்களைத் தெர்யெ உருக்குகிற சட்டிக்குள் போடுவதற்காகக் கதவுக்கு வெளியே வைத்திருந்தார். அவள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பவுடர் எல்லாவற்றையும் உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடிப் போத்தல்களுக்கு மாற்றவைத்து, தமிழிலும் நோர்வேஜிய மொழியிலும் எழுதி ஒட்டினாள். ஐஸ்கிறீம் பெட்டிகளுக்குக் கறுப்பு மையால் குறுக்குக் கோடு. குலுக்க மட்டும், வைக்க அல்ல.

பிறகு தெர்யெ குலுக்குவதைப் பார்த்தாள். கையுறையும் முகமூடியும் வாங்கிப் போட்டுக்கொண்டு பெட்டியை அவர் கையிலிருந்து எடுத்துச் சாய்த்துச் சுழற்றினாள். தட்டு வெந்து ஆறியபின் இங்கெர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு இருநூறு சன்னங்களையும் கவிழ்த்துப் பார்த்தார். என் பக்கம் நகர்த்துவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தெர்யெ என்னைப் பார்க்காமல், வாசுகியைப் பார்த்துத்தான் கேட்டார்: "சனிக்கிழமைகளில் உனக்கு வேறு வேலை இருக்கிறதா?"

இந்த வருடம் மார்ச் 11ஆந் திகதி புதன்கிழமை நடந்த ஆண்டுக் கூட்டத்தில் பவுடர்ப் பொறுப்பாளராக வாசுகி தெரிவு செய்யப்பட்டாள். ஆதரவு பதினெட்டு, எதிர்ப்பு ஒன்று.